எலுமிச்சையா, எண்ணெயா?

"சார், சக்கரத்துக்கு அடியிலே எலுமிச்சம்பழம் வச்சாச்சு! இனிமே வருசம் பூரா வண்டிக்கு ஒண்ணும் ஆகாது!"

சொன்னவன் பதினோராம் வகுப்பு மாணவன். நாள், ஆயுத பூசைக்கு முந்திய மாலை. இடம், மதுரைக்குக் கிழக்கே, யானைமலைக்கு அப்பால், நெல்வயலும் சீமைக்கருவேலங் காடும் மாறிமாறிக் கிடக்கும் சமவெளியிலே, ஒரு பள்ளியின் மிதிவண்டிக் கொட்டகை.

வரிசையாக நின்றன வண்டிகள். அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிகள். குடங்குடமாக நீர் ஊற்றிக் குளிப்பாட்டியிருந்தனர். கைப்பிடியிலே சாமந்தி, நெற்றியிலே சந்தனம், சந்தனத்தின் நடுவே குங்குமம், எதிரே இலையிலே பொரியும் கடலையும். கோலாகலம்!

நான் குனிந்து பார்த்தேன். குங்குமம் வைத்த வண்டியின் சங்கிலியிலே செந்துரு. மாலை சூடிய கைப்பிடியிலே, பிடித்தாலும் பிடிக்காத பிரேக்கு. சந்தனம் பூசிய சக்கரத்தைச் சுழற்றினேன்; அரைச்சுற்றுச் சுற்றி, கரகரவென்று அழுது, நின்றுவிட்டது. குளிப்பாட்டிய நீர் அச்சுக்குள்ளே இறங்கி, எஞ்சியிருந்த கிரீசையும் கெடுத்துக்கொண்டிருந்தது.

"இதற்கு எண்ணெய் விட்டு எத்தனை மாதமாயிற்று, தம்பி?" என்றேன்.

"எண்ணெயா சார்? அதெல்லாம் கடைக்காரர்தானே விடுவாரு!"

அந்த ஒரு விடையிலே, தோழர்களே, நம் நாட்டு நோயின் நாடித்துடிப்பைக் கேட்கலாம். கருவியைக் கும்பிடுவது நம் வேலை. கருவியைத் தொடுவது வேறு எவனுடைய வேலையோ! ஆண்டுக்கு ஒரு நாள் ஆயுதத்துக்கு அர்ச்சனை. ஆண்டு முழுவதும் ஆயுதம் ஏந்தும் கைக்கு அவமதிப்பு!

விடுமுறை முடிந்தது, பள்ளி திறந்தது. கொட்டகையிலே ஒரு வண்டி குறைந்தது. வகுப்பிலே ஒரு மாணவி குறைந்தாள். ஒரு நாள், இரண்டு நாள், எட்டு நாள். விசாரித்தேன். "வண்டி ரிப்பேரு, அந்த ஊருக்குப் பஸ் இல்லை, ஏழு கிலோமீட்டர் தனியே நடந்து அனுப்ப வீட்டிலே மனமில்லை" என்றனர் தோழிப்பெண்கள். அப்படி என்ன பெரும் பழுது? ட்யூபிலே ஒரு முள். சீமைக்கருவேல முள்! அந்த முள்ளைக் கண்டுபிடித்து ஓர் ஒட்டுப் போட ஒரு கை இல்லாமல், ஒரு பெண்ணின் படிப்பு எட்டு நாள் படுத்துக்கிடந்தது. அவள் வண்டிக்கும் எலுமிச்சை வைத்துத்தான் இருந்தார்கள்! பழம் நசுங்கிற்று, முள்ளோ மழுங்கவில்லை!

★

"மிதிவண்டியைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி?" என்று கேட்கலாம். கேட்க வேண்டும். நான் வரலாறு படித்த கலைப் பட்டதாரி. பொறியியல் கல்லூரியின் வாசற்படி மிதித்தறியாதவன். என் தகுதியெல்லாம் ஒரு பழைய வண்டி.

சென்ற ஆண்டு, மதுரை நகரிலே ஒரு காயலான் கடையில், உடைந்த கட்டிலுக்கும் ஓட்டை அண்டாவுக்கும் நடுவே அது கிடந்தது. இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், கம்பிப் பிரேக்கு, வண்ணம் உதிர்ந்த இரும்புச் சட்டம். கழுத்திலிருந்த பட்டயம் தேய்ந்து பெயர் தெரியவில்லை. சென்னை அம்பத்தூரில் 1949-இல் தோன்றிய ஆலையிலே பிறந்ததோ, பஞ்சாபின் லூதியானாவிலே பிறந்ததோ, யார் கண்டார்! விலை கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓட்டவா தம்பி, உருக்கவா?"

"ஓட்டத்தான் பாய்."

"அப்படின்னா எழுநூறு கொடுங்க. உருக்குறதுன்னா எடை போடணும்!"

வாங்கினேன். இதோ கணக்கு, கணக்கைக் காட்டுவதற்கு வெட்கப்படுகிறவன் நானல்லன். டயர் இரண்டு, 560 ரூபாய். ட்யூப் ஒன்று, 130. மற்றொன்றை ஒட்டுப் போட்டுக்கொண்டேன். சங்கிலி 140. பிரேக்குக் கட்டை நான்கு, 60. பால்ரஸ் குண்டுகள் 40. காட்டர் பின் இரண்டு, 30. கம்பி ஆறு, 30. கிரீசும் எண்ணெயும் 100. சக்கரத்துக்குப் பெண்டு எடுத்த கூலி 120. வண்டியின் விலையோடு கூட்டினால் 1,910 ரூபாய்! பெட்ரோல் லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்திலே, இருபது லிட்டருக்கும் குறைந்த காசிலே, எனக்கு ஒரு வாகனம். தவணை இல்லை, வட்டி இல்லை, வீட்டு வாசலுக்கு வசூல்காரர் வருகை இல்லை!

பெண்டு எடுப்பது ஒன்றைத் தவிர மற்றவற்றை நானே செய்தேன். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பின்சக்கரத்தின் அச்சைக் கழற்றினால், பக்கத்துக்கு ஒன்பது குண்டுகள். ஒவ்வொன்றும் அம்மைத் தழும்பேறிய முகம்போல் குழிவிழுந்திருந்தது. மாற்றினேன். கோனை இறுக்கினால் சக்கரம் முனகிற்று, தளர்த்தினால் ஆடிற்று. முனகலுக்கும் ஆட்டத்துக்கும் இடையே ஒரு கால்திருகு தூரந்தான் இருக்கிறது. அந்தக் கால்திருகைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடித்தது. ஏறி மிதித்தபோது 'டக், டக்' என்று ஓசை. மிதிக்கட்டையைப் பிடித்திருக்கும் காட்டர் பின் தேய்ந்திருந்ததே காரணம். ஓசைக்கு ஒரு காரணம். காரணத்துக்கு ஒரு பரிகாரம். பரிகாரத்துக்கு ஒரு திருகு. ஜாதகம் தேவைப்படவில்லை, தோழர்களே!

பெண்டு எடுக்கும் கலையைச் சாலையோரத்துக் கடைக்காரரிடம் கண்டேன். முன்சக்கரத்தில் 32 கம்பிகள், பின்சக்கரத்தில் 40. வளையம் வலப்பக்கம் ஒதுங்கினால், அந்த இடத்திலே இடப்பக்கக் கம்பியை இறுக்குகிறார்; வலப்பக்கக் கம்பியைத் தளர்த்துகிறார். சாக்குக்கட்டியை விரலில் பிடித்துச் சுழலும் வளையத்தருகே வைக்கிறார். கோணல் உள்ள இடம் தானே வந்து தன்மேல் குறியிட்டுக்கொள்கிறது! இழுவிசை பற்றிய ஏடு எதுவும் அவர் படித்ததில்லை; இழுவிசை அவர் விரல் நுனியிலே விளையாடுகிறது. அவரை ஊர் எப்படி அழைக்கிறது? "ஏய், பஞ்சர்!" செய்யும் தொழிலின் பெயரால்கூட அன்று, போக்க வரும் பழுதின் பெயரால்!

★

மறுநாள் அந்த வண்டியிலே பள்ளிக்குச் சென்றேன். ஆசிரியர் அறையிலே ஆரவாரம்.

"என்ன சார், சம்பளம் போதலையா?"

"பொண்ணு பார்க்கிற வயசு. இந்த வண்டியிலே போனா எவன் பொண்ணு கொடுப்பான்?"

மூத்தவர் ஒருவர் என் நகக்கண்ணிலே ஒட்டியிருந்த கருமையைக் கண்டார், உண்மையாகவே வருந்தினார். "வாத்தியார் கையிலே சாக்பீஸ் இருக்கலாம் தம்பி, கிரீசு இருக்கலாமா?"

இருக்கலாமா என்றா கேட்கிறீர், ஐயா? சாக்பீஸ் தூளும் தூள்தான்; கிரீசும் அழுக்குத்தான். ஒன்று மதிப்பு, மற்றொன்று இழிவு என்று பிரித்தது எது? உழைக்காத கை உயர்ந்த கை, உழைத்த கை தாழ்ந்த கை என்று ஓதிய பழைய பாடமன்றோ! அந்தப் பாடத்தை ஓதியவர்கள் கருவிக்குப் பொட்டிட்டார்கள். கருவி செய்த கொல்லனைத் திண்ணையிலே ஏற்றவில்லை.

இந்த வண்டி வானத்திலிருந்து இறங்கியதன்று. 1817-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலே கார்ல் ஃபான் டிரைஸ் என்பார் இரண்டு மரச்சக்கரத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி, காலால் தரையை உந்தி ஓட்டினார். 1885-இல் இங்கிலாந்தின் கவன்ட்ரியிலே ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, சங்கிலி பின்சக்கரத்தை இழுக்க, இன்றைய உருவத்தைத் தந்தார். 1888-இல் பெல்ஃபாஸ்டிலே கால்நடை மருத்துவர் டன்லப், மகனின் மூன்றுசக்கர வண்டி கல்தரையிலே குலுங்குவது பொறாமல், ரப்பர்க் குழாயிலே காற்றடைத்துக் காட்டினார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள்! ஒருவன் விட்ட பிழையை இன்னொருவன் திருத்தி, அவன் விட்டதை மற்றொருவன் திருத்தி வந்த வரலாறு. பழுது பார்க்கும் அறிவுதான் மிதிவண்டியைப் பெற்ற தாய். அந்தத் தாயை மறந்துவிட்டுப் பிள்ளைக்கு எலுமிச்சை கட்டுகிறோம்!

★

வண்டி கொடுத்தால் வாழ்வு மாறுமா? மாறும், மாறியிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தைக் கேளுங்கள். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு மிதிவண்டியையும் சேர்த்துக் கற்பிக்கச் செய்தார். வயலிலே களையெடுத்த பெண்கள், கல்லுடைத்த பெண்கள், அங்கன்வாடிப் பணிப்பெண்கள் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஓட்டக் கற்றனர். ஏசினர் சிலர்; எள்ளி நகையாடினர் பலர்; அவர்கள் இறங்கவில்லை. பெண்கள் வண்டி போதாதபோது, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் வண்டியையே ஓட்டினர். அந்தக் கம்பியிலே குழந்தையையும் ஏற்றிக்கொண்டனர்! பத்திரிகையாளர் சாய்நாத் இதை உலகறிய எழுதினார்.

வடக்கே பீகாரைப் பாருங்கள். 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டித் திட்டம் வந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டனர். உயர்நிலைப் பள்ளியிலே மாணவியர் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்தது. மாணவர்க்கும் மாணவியர்க்கும் இடையேயிருந்த இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது. பள்ளிக்கு எட்டத்திலிருந்த ஊர்களிலேதான் பலன் பெரிதாக இருந்தது.

தமிழ்நாட்டிலோ, 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிய திட்டம் விரிந்து, அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. நன்று, மிக நன்று! ஆனால் வண்டியைக் கொடுத்த நாம் திருப்புளியைக் கொடுத்தோமா? ஓட்டக் கற்றவளுக்கு ஒட்டக் கற்றுக் கொடுத்தோமா? இல்லை. ஆகவேதான் முள்ளிருக்கும் நாட்டிலே முதல் முள்ளோடு பயணம் முடிந்துவிடுகிறது.

எட்டு நாள் வராத அந்த மாணவியின் ஊருக்கு என் பழைய வண்டியிலே போனேன். பையிலே காற்றடிக்கும் பம்பு, உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுத்துண்டு. வாசலிலே அமர்ந்து டயரைக் கழற்றியதும் தாயார் பதறினார்.

"அய்யய்யோ, வாத்தியாரய்யா! நீங்க போயி இதைத் தொடலாமா?"

"நான் தொடப் போவதில்லை அம்மா, உங்கள் மகள்தான் தொடப் போகிறாள்" என்றேன்.

ட்யூபுக்குக் காற்றடித்து வாளி நீரிலே அமிழ்த்தினாள், குமிழி வந்தது. இடத்தைக் குறித்தாள், துடைத்தாள், உப்புத்தாளால் தேய்த்தாள், சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயும்வரை பொறுத்தாள், ஒட்டை வைத்து அழுத்தினாள். முடிந்தது என்று நான் ட்யூபை உள்ளே தள்ளப் போனேன். அவள் தடுத்தாள். டயரின் உட்புறத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"சார், முள்ளு டயருக்குள்ளயே இருக்கு. இதை எடுக்காம ஒட்டுனா திரும்பப் போயிரும்."

கற்பிக்கப் போனவன் கற்றுத் திரும்பினேன்.

★

இப்போது எங்கள் பள்ளியிலே வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் பழுதுபார்க்கும் வகுப்பு. எளிதாக வந்ததன்று அது. பெற்றோர் சிலர் வந்தனர். "பிள்ளையைப் படிக்க அனுப்பினோமா, பஞ்சர் ஒட்ட அனுப்பினோமா?" என்றனர். அவர்களுக்கு விடை எளிது. கவிழ்த்துவைத்த வண்டியே விடை சொல்லிற்று. முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னே 18. மிதியை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் எத்தனை முறை சுற்றும்? ஏறத்தாழ இரண்டரை. சக்கரத்தின் சுற்றளவு இரண்டே கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஒரு மிதியிலே ஐந்து மீட்டருக்கு மேல்! விகிதம் என்றால் விழித்த பிள்ளைகள், விரலை நீட்டி எண்ணி விடை சொன்னார்கள். பெற்றோர் சற்று நின்று பார்த்துவிட்டுப் போயினர்.

கடினமான கேள்வியைக் கேட்டவர் நம் தோழர் ஒருவர். "1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரக் கல்வியைக் குலக்கல்வி என்று எதிர்த்து நின்றது இந்த நாடு. அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. இப்போது நீ பள்ளிக்குள்ளே கைத்தொழிலைப் புகுத்துகிறாயே, அடுக்குமா?" என்றார்.

நல்ல கேள்வி. விழிப்புள்ளவன் கேட்கும் கேள்வி. ஆனால் தோழரே, வேறுபாட்டைப் பாரும்! அங்கே, சிறுவன் பள்ளியை விட்டு வெளியேறித் தன் தகப்பன் தொழிலைப் பழக வேண்டும். சலவையாளர் மகன் துறைக்கு, குயவர் மகன் சக்கரத்துக்கு. அறிவு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இங்கே, நிலக்கிழார் மகனும் கூலியாள் மகளும் ஒரே திருப்புளியை மாற்றிமாற்றிப் பிடிக்கிறார்கள்; பாடநேரத்திலே ஒரு நிமிடமும் குறையவில்லை. தொழில் பிறப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் வரையிலேதான் குலக்கல்வி. எல்லாக் கையிலும் கிரீசு படிந்துவிட்டால், எந்தக் கையைத் தாழ்ந்த கை என்று ஒதுக்குவாய்?

"பழமையைச் சாடும் நீ, பழைய வண்டியைப் போற்றுவதென்ன?" என்று குறும்பாகக் கேட்டார் இன்னொருவர். போற்றவில்லை, ஐயா, பார்த்தேன், சோதித்தேன், பயன்படுவதை வைத்தேன், தேய்ந்ததைத் தூக்கி எறிந்தேன். "என் பாட்டன் காலத்துக் குண்டு" என்று குழிவிழுந்த பால்ரஸை அச்சுக்குள்ளேயே வைத்திருந்தால் சக்கரம் சுற்றுமா? பழையது என்பதற்காக வணங்குவதும் இல்லை. பழையது என்பதற்காக வெட்கப்படுவதும் இல்லை. ஓடுகிறதா என்பதே கேள்வி!

★

ஆனால், எந்தத் திருப்புளிக்கும் எட்டாத பழுது ஒன்றையும் கண்டேன். அதைச் சொல்லவே இத்தனையும் எழுதினேன்.

எங்கள் வெள்ளிக்கிழமை வகுப்பிலே கெட்டிக்காரன் ஒருவன். ஊருக்கு வெளியேயுள்ள காலனிப் பையன். அவன் வண்டியைக் காண்போர் புதியது என்றே எண்ணுவர், அப்படி வைத்திருப்பான். ஒரு நாள் மாலை அவனும் நானும் சேர்ந்து புறப்பட்டோம். கண்மாய்க்கரை வரை காற்றாய்ப் பறந்தவன், ஊர்த்தெரு தொடங்கும் இடத்திலே இறங்கினான். தள்ளிக்கொண்டு நடந்தான்.

"ஏனப்பா, என்ன ரிப்பேர்?" என்றேன்.

"ரிப்பேரெல்லாம் இல்லை சார். அங்கன இறங்கிரச் சொல்லியிருக்காரு அப்பா."

வண்டியிலே பழுதில்லை; வீதியிலே பழுது! சக்கரம் நேர், சமுதாயம் கோணல்! மிதிவண்டியும் செருப்பும் அவர்களுக்கு மட்டும் ஆகாதாம்; ஊருக்குள் வந்தால் ஒன்றைத் தள்ள வேண்டும், ஒன்றைக் கையில் எடுக்க வேண்டும். இந்தக் கொடுமை நம் மதுரைச் சீமையிலே பல ஊர்களில் பதிவானது. பேரையூர் வட்டத்து உத்தப்புரத்திலே ஊரைப் பிளந்து நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று இடித்தார்கள். அது கண்ணுக்குத் தெரிந்த சுவர், கடப்பாரைக்கு அகப்பட்டது. இங்கே என் மாணவன் இறங்கிய இடத்திலே நிற்பது எந்தச் சுவர்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் செய்த திருத்தம், 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்திலே ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் மிதிவண்டி ஏறிச் செல்வதைத் தடுப்பது, செருப்பும் புத்தாடையும் அணிவதைத் தடுப்பது குற்றம் என்று அதிலே எழுதப்பட்டிருக்கிறது. எண்ணிப் பாருங்கள்! விண்கலத்தைச் செவ்வாய்க் கோளுக்கு 2014-இலேயே கொண்டுசேர்த்த நாடு, அதற்கு அடுத்த ஆண்டிலே, 'மிதிவண்டி' என்ற சொல்லைத் தண்டனைச் சட்டத்திலே எழுத வேண்டியிருந்தது! எழுதியவர்களைப் பாராட்டுவோம்; எழுத வைத்தவர்களை என்னென்போம்?

அன்று நானும் இறங்கினேன், அவனோடு நடந்தேன். பரிவென்று எண்ணிச் செய்தேன். வீட்டுக்கு வந்தபின் வெட்கினேன். இறங்க வேண்டியவன் நானா? அவன் ஏற வேண்டியவனன்றோ! மறுநாள் வகுப்பிலே அந்தச் சட்டப்பிரிவைப் படித்துக் காட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் தகப்பனாரைக் கண்டு பேசினேன். "அய்யா படிச்சவங்க, போயிருவீங்க. நாங்க இங்கனதான் இருக்கணும்" என்றார் அவர். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அச்சத்துக்கு அவர் காட்டிய காரணம், காட்டர் பின் தேய்ந்தது போல அத்தனை மெய்யாக இருந்தது.

மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை. வகுப்பு முடிந்து பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒன்றாகப் புறப்பட்டார்கள். முள் எடுத்த அந்த மாணவியும் இருந்தாள். கண்மாய்க்கரை வந்தது. அவன் வேகம் குறைந்தது. கால் தரையைத் தேடிற்று. "ஏறுடா, எல்லாருந்தான் போறோம்" என்று யாரோ சொன்னது கேட்டது. அவன் இறங்கவில்லை. நடுவிலே அவன், சுற்றிலும் தோழர்கள், கடைசியிலே என் ஓட்டை வண்டி. திண்ணையிலிருந்த பெரியவர்கள் பார்த்தார்கள். ஒருவர் எழுந்தார், ஒன்றும் சொல்லாமல் அமர்ந்தார். தெரு முடிந்தது.

வெற்றி முழக்கம் செய்ய நான் எழுதவில்லை. அது ஒரு மாலை, ஒரு தெரு. அவன் தனியே வரும் நாளிலும் ஏறியே வருகிறானா என்பதுதான் கணக்கு. சட்டம் ஒட்டுத்துண்டு, தேவை, மிகத் தேவை. ஆனால் டயருக்குள்ளே முள் இருக்கிறது. அதை எடுக்காமல் ஒட்டினால் திரும்பப் போய்விடும் என்பதை ஒரு பள்ளி மாணவி சொல்லிவிட்டாள். பட்டம் பெற்ற நமக்குப் புரிய வேண்டாமா?

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டுப் பரணிலே, கொல்லைப்புறத்திலே, ஒரு பழைய வண்டி நிச்சயம் துருவேறிக் கிடக்கும். இறக்குங்கள். எண்ணெய் விடுங்கள். தேய்ந்ததை எறியுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய், வாரத்துக்கு ஒரு மணி நேரம், வண்டி பெற்ற பிள்ளைகளுக்குப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுங்கள். ஆயுத பூசை வரும் அன்றைக்கு எலுமிச்சையைப் பிழிந்து, சர்க்கரை சேர்த்து, வியர்த்த பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுங்கள். பழத்துக்கு அதுவே பெருமை! பிறகு, எந்தத் தெருவிலே எவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறான் என்று பாருங்கள். அவனுக்கு முன்னால் செல்ல வேண்டாம், பக்கத்திலே செல்லுங்கள். அவன் ஏறட்டும்!